சனிக்கிழமைகளில் உடைந்த வக்கடை

மூன்று வருடங்களுக்கு முன், கோடைச் சிறுபோக நெல் வேளாண்மைக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்ட நாட்களில், கல்முனையில் என் மனைவியின் வீட்டில் நடந்த சங்கதி இது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் அக்கரைப்பற்றிலிருந்து அப்படி வந்து சேர்ந்தவன். எத்தனை வருடம் போனாலும் அந்த வீட்டில் நான் மாப்பிள்ளைதான். மீனின் நடுத்துண்டு என் தட்டில்தான் விழும். என்னைப் பற்றி ஒரு குறை இருந்தால் அது என் காதுக்கு மட்டும் வராது.

அந்தப் பாடசாலைத் தவணை எனக்கு மூச்சுவிட நேரமில்லை. பகலில் பாடசாலையில் கணிதம் படிப்பிக்க வேண்டும். பின்னேரம் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சி. வலய மட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அது முடிந்து வந்தால் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு, அதற்குப் பிறகு மகளின் வீட்டுப்பாடம். எனக்கென்று இருந்தது சனிக்கிழமை சுபஹ் தொழுகைக்கும் காலைப் பயிற்சிக்கும் இடையில் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் என் மவுண்டன் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன். வீட்டில் அதற்குப் பெயர் கியர் சைக்கிள். மாமிக்கு அது பிடிக்காது. முகத்தில் தெரியும், வாயில் வராது.

நற்பிட்டிமுனை கடந்து கிட்டங்கிப் பாலம் தாண்டினால் நாவிதன்வெளிப் பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். வாய்க்கால் கட்டில் ஏறிப் போய், மாமாவின் வயல் வரம்பால் குறுக்கே விழுந்து, அந்தப் பக்கத்துக் கிறவல் றோட்டுக்கு வருவேன். சொந்த மாமனாரின் வயல்தானே, யார் கேட்கப் போகிறார்கள்? அந்த வரம்பில் ஓரிடம் பள்ளமாக இருக்கும். வேகமாக இறங்கி ஏறினால் வயிறு ஒருமுறை குளிரும். ஒரு கிழமை முழுக்க அந்தப் பள்ளத்தை நினைத்துக்கொண்டுதான் வினாத்தாள் திருத்தினேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

என் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் சந்தேகக்காரன். பரீட்சை மண்டபத்தில் ஒருவனின் கழுத்துத் திரும்பும் விதத்தைப் பார்த்தே அவன் பார்த்து எழுதுகிறானா, யோசிக்கிறானா என்று சொல்லிவிடுவேன். மைதானத்தில் யாராவது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், முதலில் நான் பார்ப்பது காலை அல்ல, முகத்தை. இதை ஒரு திறமை என்றே நினைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் வயலில் தண்ணீர் களவு போகத் தொடங்கியது. முறைத் தண்ணீர் அவருக்கு வெள்ளிக்கிழமை வரும். அன்று பின்னேரமே வயலை நிரப்பி, வக்கடையை மண் போட்டு அடைத்துவிட்டு வருவார். வக்கடை என்றால் ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்கு இறங்க வரம்பில் விட்டிருக்கும் வாய். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் தண்ணீர் குறைந்திருக்கும், வக்கடையில் புது மண் கிடக்கும்.

"அவன்தான் களவெடுக்கான்," என்றார் மாமா, சோற்றைப் பிசைந்துகொண்டே. "ராவைக்கு வெட்டி உடுறான். விடியக்குள்ள மண்ணப் போட்டு மூடுறான்."

அவன் என்றது பக்கத்து வயல்காரரை. நாவிதன்வெளித் தமிழ் ஆள். குத்தகைக்கு எடுத்துச் செய்பவர். மாமாவின் வயலிலிருந்து இறங்கும் தண்ணீர் அவருடைய வயலுக்குத்தான் போகும். இத்தனை காலமும் இரண்டு பேரும் ஒரே மரத்தடியில் இருந்து தேநீர் குடித்தவர்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "நானும் பாக்கன் மாமா. ஒவ்வொரு சனியும் அந்தாள் மண்வெட்டியோட வரம்படியில நிக்கிறார். நான் போகுமட்டும் அசையுறல்ல," என்றேன். அது உண்மைதான். ஒரு தடவை என்னைப் பார்த்துக் கையைக்கூட உயர்த்தினார். கள்ளன் பதறுகிறான் என்று நினைத்து இன்னும் வேகமாக மிதித்தேன். அதையும் மாமாவிடம் சொன்னேன். அவர் கண் சிவந்துபோனது.

அடுத்த சனிக்கிழமை மாமா சுபஹ் தொழுது, தேநீரும் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வயலுக்குப் போனார். நான் அப்போது அந்த வரம்பைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டிருந்தேன். வக்கடை உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு குனிந்து நின்றாராம். "உடைஞ்சு கிடந்தது போடியார், அதான் கட்டுறன்" என்று, காணிக்காரரை அழைக்கும் மரியாதையோடுதான் சொன்னாராம். யார் உடைத்தது என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லையாம். மாமா போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் வயல் செய்பவர்கள் எல்லோரும் கூடும் கமக்காரர் கூட்டம். தண்ணீர் முறையைப் பார்க்கும் வட்டை விதானைக்கு முன்னால் இதை வைத்தால் களவு உறுதியாகும், பிறகு அந்த மனிதருக்குக் குத்தகைக் காணி கிடைக்காது. மாமாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

"நீங்க வந்து கண்டதச் சொல்லுங்க மகன். படிப்பிக்கிற சேர் ஒராள் சொன்னா எடுபடும்," என்றார் மாமா. வருகிறேன் என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

மத்தியானம் மாமா போனை என் மனைவியிடம் கொடுத்து, அந்தப் படத்தை விதானைக்கு வட்ஸ்அப்பில் போடச் சொன்னார். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போனோடு எழுந்து அறைக்குள் வந்தாள்.

"இஞ்ச பாருங்க, இத நான் கண்டிரிக்கன்."

"எத?"

"இந்தக் கட்டம் கட்டமா இரிக்கிற அடையாளத்த. நம்மட விறாந்தையில ஒவ்வொரு சனியும் நான்தானே தேச்சுக் கழுவுறன்."

வாங்கிப் பார்த்தேன். உடைந்த மண்ணின் இரண்டு பக்கமும் என் டயர் பதிந்திருந்தது. மாமா மண்வெட்டி வெட்டைத் தேடிப் பார்த்தவர், அதனால் அவருக்குத் தெரியவில்லை. நான் வாரம் முழுக்கக் காத்திருந்த பள்ளம்தான் அந்த வக்கடை. காய்ந்து கிடந்த காலத்தில் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் விடத் தொடங்கிய பிறகு, வெள்ளிக்கிழமை அடைத்த ஈர மண்ணைச் சனிக்கிழமை விடிய நான் உழுதுவிட்டுப் போயிருக்கிறேன்.

படத்தை அனுப்பவில்லை. மாப்பிள்ளை வாய் திறந்தால் மாமாவின் மானம் போகும். திறக்காவிட்டால் ஒரு மனிதரின் வயல் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு யோசித்தேன்.

காலையில் கூட்டத்துக்கு முன் தனியாக வயலுக்குப் போனேன். அவர் மண்வெட்டியால் வரம்புப் புல் செருக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணன், வக்கடைய உடைச்சது நான்."

"தெரியும் சேர்," என்றார், நிமிராமலே.

"அப்ப ஏன் மாமாட்டச் சொல்லல்ல?"

"நீங்க அந்த வீட்டு மாப்பிள்ள. மாப்பிள்ளையப் பத்தி மாமன்ட்ட நான் எப்படிச் சொல்லுற? உங்களுக்குத்தான் சொல்லுவம் எண்டு ஒரு நாள் கையக் காட்டினன். நீங்க நிக்கல்ல. சரி, கொஞ்ச மண்தானே, நீங்க போனாப்போல போட்டு அடைப்பம் எண்டு விட்டுட்டன்."

அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே நின்றது நான் போகும் வரைக்கும்தான். பின்னால் அடைப்பதற்காக. தன் வயலுக்குச் சும்மா வரும் தண்ணீரை அவரே மறித்திருக்கிறார்.

"இண்டைக்குக் கூட்டத்திலயும் பேசாம இருந்திருப்பீங்களா? நான் சாட்சி சொல்ல வாறதாக இருந்தது."

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கேள்விப்பட்டன் சேர். நீங்க வாறீங்க எண்டதும்தான் எனக்கு நிம்மதியா இருந்தது. படிப்பிக்கிற ஆள், உள்ளதத்தானே சொல்லுவார் எண்டு நினைச்சன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த அழுகை. ஒரே வரம்பில் எதிரெதிரே நின்று நான் அவரைக் கள்ளனாகப் பார்த்திருக்கிறேன், அவர் என்னை நேர்மையானவனாகப் பார்த்திருக்கிறார்.

கூட்டத்தில் மாமா எழுந்து, "எங்கட மாப்பிள்ள கண்டதச் சொல்லுவார்," என்றார். எழுந்து நின்று, டயர் அடையாளம் முதல் எல்லாவற்றையும் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. நேரே பக்கத்து வயல்காரரிடம் போனார். எங்கே போனாலும் வாய் ஓயாத மனிதர், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிக்க தம்பி," என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழியில் என்னிடம், "ஒங்கட சைக்கிளுக்கு றோட்டுக் காணாதா மகன்?" என்று கேட்டார். அந்த வீட்டில் என் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட முதல் குறை அது. அன்றிலிருந்துதான் அது என் வீடு மாதிரி ஆனது.

இப்போதும் சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் போகிறேன். வக்கடைக்குக் கிட்டப் போனதும் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடக்கிறேன். யாரையாவது சந்தேகப்பட மனம் முந்தும்போதெல்லாம், மண்வெட்டியோடு நின்ற அந்த மனிதர் வெட்ட நிற்கிறாரா, கட்ட நிற்கிறாரா என்று ஒரு தடவையாவது நின்று கேட்காமல் போனேனே என்ற நினைப்பு வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.