ஒனோரியோ இருக்காரா?

ஈரத் தலையோடு என்னை நாற்காலியில் விட்டுவிட்டு, கத்தரிக்கோலை மேல்பையில் செருகிக்கொண்டு, கசில்டா தொலைபேசியில் எண்களை அழுத்துகிறாள். மணி இரண்டாகப் பத்து நிமிடம். அவள் கணக்கில் இதுதான் சரியான நேரம். எந்த ஊரானாலும் சாப்பாட்டுக்கு முன் ஒரு மிடறு குடிக்க ஜனங்கள் பாரில் கூடியிருப்பார்கள். மறுமுனையில் யாரோ எடுக்கிறார்கள். "ஒனோரியோ இருக்காரா?" என்று கேட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொள்கிறாள்.

ஒனோரியோ என்று யாரும் கிடையாது. பக்கத்து நாற்காலிப் பெண் விடுமுறைக்கு மலகா போகிறாள். எந்தப் பேட்டையில் தங்கலாம் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள், அவ்வளவுதான். சரகோசாவின் இந்த மூன்று நாற்காலி முடிதிருத்தகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டால் கத்தரி நின்றுவிடும். அவசரமாக வீட்டுக்குப் போகவேண்டியவர்கள் பாடு திண்டாட்டம். நான் பக்கத்தில் காகிதக் கடை வைத்திருக்கிறேன், பதினாறு வருடமாக அவளிடம் முடி வெட்டிக்கொள்கிறேன், அதில் பாதி நேரம் இப்படி ஈரத் தலையோடு காத்துக்கிடந்திருக்கிறேன்.

"படத்தப் பாத்தா எல்லா ஏரியாவும் அழகாத்தான் இருக்கும்," என்பாள் கசில்டா. "தூங்கறப்போ கண்ண மூடிக்கலாம். காத மூட முடியுமா?"

அதனால் அவள் காதால்தான் தேடுவாள். வாடிக்கையாளர்கள் தங்கள் கைபேசியில் பேட்டை பேட்டையாக பார் எண்களைத் தேடி வாசிக்க வேண்டும், அவள் கூப்பிடுவாள். எடுத்தவர் "எந்த ஒனோரியோ?" என்று திருப்பிக் கேட்டால் நல்ல பேட்டை, அங்கே ஆளுக்கு ஆள் தெரியும். உள்ளே திரும்பி "டேய், ஒனோரியோ யாருடா?" என்று கத்தினால் அதைவிட நல்லது. ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னால் அந்தப் பேட்டையை அந்த நிமிடமே பட்டியலிலிருந்து அடித்துவிடுவாள். பயணப் பெட்டிச் சக்கரம் கல் தெருவில் உருளும் சத்தத்தை விரல் விட்டு எண்ணுவாள். "மூணு பெட்டி போயிடுச்சு. அங்க போனா உன்னமாதிரி ஆளுங்களத்தான் பாப்ப. அதுக்கு இங்கயே இருந்துக்கோ."

ஒருமுறை முர்சியாவில் நிஜமாகவே ஒரு ஒனோரியோ வந்துவிட்டார். "நான்தான், சொல்லுங்க," என்றது ஒரு கிழக்குரல். கசில்டாவுக்கு வெலவெலத்துப் போயிற்று. வைத்துவிடவும் மனமில்லை. அவருடைய முழங்கால் வலி, அறுவை சிகிச்சை வேண்டாம் என்கிற மருமகள், எல்லாவற்றையும் இருபது நிமிடம் நின்றபடியே கேட்டாள். இப்போது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கடைக்கு அவரிடமிருந்து அழைப்பு வருகிறது.

"ஏண்டி, இது உன் புருஷனுக்குத் தெரியுமா?" என்று எங்கிராசியா கேட்டாள். எங்கிராசியாவுக்கு எண்பத்திரண்டு வயது. முடி என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"அவரே அந்தாளு முட்டி எப்படியிருக்குன்னு கேக்கறாரு. நீங்க வேற."

கிண்டல் செய்கிறேனே தவிர, அந்த ஐந்து நிமிடங்களை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெளியே எங்கள் ஊர்க் காற்று கதவை உலுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே உலர்த்திகளை அணைத்துவிடுவார்கள். எங்கேயோ ஒரு பாரின் சத்தம் அறைக்குள் மெல்லப் பரவும். கரண்டி கோப்பையில் சுற்றுகிறது. யாரோ ஒரு தாய் குழந்தையை மேசையடியிலிருந்து வெளியே வரச் சொல்கிறாள். கொருன்யா என்றால் மழை, வலென்சியா என்றால் மார்ச் மாதத் திருவிழா வெடி. கிரனாதாவில் ஒரு கிளி தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. ஈரத் தலைகளோடு நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஊரில் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்திருப்போம். மனசு மிதக்கும். யாரும் பேசமாட்டோம். பிறகு அவள் தொலைபேசியை வைப்பாள், உலர்த்திகள் உறுமும், நாங்கள் சரகோசாவுக்குத் திரும்புவோம்.

ஊர் ஊராக எல்லோருக்கும் இடம் பார்த்துக் கொடுத்தவள், தான் ஓர் ஊரிலும் தங்கியதில்லை. கணவன் ஃபெர்மின் நகரப் பேருந்து ஓட்டினான். விடுமுறையில் எந்த வண்டியிலும் ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்தவன். போன வசந்தத்தில் ஓய்வு பெற்றான். அக்டோபரில் ஒருநாள் கடைக்குள் வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் இரண்டு ரயில் சீட்டைச் சாயக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"டிசம்பர் விடுமுறைக்கு. காதிஸ். எனக்குக் கடல் பாக்கணும்."

"கடல் வேற எங்கயும் இல்லையாக்கும்?" என்றாள் கசில்டா. முகம் வெளுத்துவிட்டது.

"சீட்டு எடுத்தாச்சு. எந்த ஏரியான்னு நீயே பாத்துச் சொல்லு," என்று சொல்லிவிட்டு அவன் நழுவிவிட்டான்.

காதிஸில் அவள் தங்கை தோரி இருக்கிறாள். இருவரும் பேசிப் பதினொரு வருடமாகிறது. அவர்கள் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போனாள். சனிக்கிழமை மதியம் அடக்கம். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான், மறுநாளே முடித்துவிடுவார்கள். தோரி அப்போது கடலுக்கு அப்பால் ஒரு தீவில் இருந்தாள். மூடுபனியில் விமானம் கிளம்பவில்லை. காத்திருக்கலாமா என்று கசில்டா கேட்டாள். வேண்டாம், தள்ளிப்போடாதே என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. சனிக்கிழமை மாலை தோரி வந்தபோது கல்லறைச் சுவரில் சவப்பெட்டி வைத்த மாடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். பூச்சு ஈரமாகத்தான் இருந்தது. அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அடுத்த வண்டியில் போய்விட்டாள். எண்ணை மாற்றிவிட்டாள். கடிதங்கள் பிரிக்காமல் திரும்பி வந்தன. இரண்டு வருடத்துக்கு முன் காதிஸுக்குக் குடிவந்துவிட்டாள் என்று ஓர் உறவுக்காரர் சொன்னார். எந்தத் தெரு என்று அவருக்கும் தெரியவில்லை.

கசில்டா மறுநாளே காதிஸுக்குக் கூப்பிட ஆரம்பித்தாள். நாங்கள் எண்களை வாசித்தோம். முதல் நாளே அருமையான பேட்டை ஒன்று அகப்பட்டது. கடற்காகங்கள் கத்தின, பெட்டிச் சத்தமே இல்லை, எடுத்தவர் "எந்த ஒனோரியோ, மீன்கார ஒனோரியோவா?" என்றார். நாங்கள் கைதட்டாத குறை. அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த எண்ணைக் கேட்டாள்.

நாலு நாள் போயிற்று. மூன்று வாரம் போயிற்று. லா வின்யா பேட்டையில் ஏழு பார், சாந்தா மரியாவில் ஐந்து, மெந்திதெரோவில் நான்கு. பழைய ஊரே ஒரு கைக்குட்டை அளவுதான், அதில் இத்தனை பாரா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. ஃபெர்மின் தினமும் வந்து எட்டிப்பார்த்தான். அறை பதிவாகவில்லை.

"இதெல்லாம் நல்லா இல்லன்னா வேற எதுதாண்டி நல்ல ஏரியா?" என்று எங்கிராசியா பொரிந்தாள். "நான் சாகறதுக்குள்ள முடிவு பண்ணு."

கசில்டா கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, அந்தப் பார்ச் சத்தத்துக்குள் எங்கேயோ வெகுதூரம் போயிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மண்டு நான், மூன்று வாரமாக எண் வாசித்துக்கொடுத்தும் புரியவில்லை. அவள் பேட்டையைத் தேடவே இல்லை.

நவம்பர் கடைசி வியாழக்கிழமை. என் தலை முழுக்கச் சாயம், காதில் பிளாஸ்டிக் உறை. லா வின்யாவில் விட்டுப்போன ஒரு சின்ன பாரின் எண்ணை நான்தான் வாசித்தேன். நல்ல கூட்டம். ஏதோ எண்ணெயில் பொரிகிற சத்தம், தட்டுகள், கடல்காற்றில் அடித்துக்கொள்ளும் ஒரு கதவு.

"ஒனோரியோ இருக்காரா?"

"ஒனோரியோ இல்லியே, கண்ணு," என்றார் பார்க்காரர். "நான் இருக்கேன், கல்யாணம் ஆவல. பரவால்லயா?"

பாரே சிரித்தது. எங்கள் கடையும் சிரித்தது. அங்கே சிரிப்பு அடங்கி, தட்டுகள் மறுபடி பேச ஆரம்பித்த பிறகு, ஒருத்தி மட்டும் தனியாகச் சிரித்தாள்.

கசில்டா கண்ணைத் திறந்தாள்.

"எப்பவும் இவ கடைசியாத்தான் சிரிப்பா," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"பேசுடி!" என்று எங்கிராசியா கிசுகிசுத்தாள். கசில்டாவின் கட்டைவிரல் அணைக்கும் பொத்தானுக்குப் போயிற்று. நான் எழுந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையெல்லாம் சாயம். "கசில்டா, அன்னிக்கு வாயத் தொறந்து தப்பாச் சொன்னவ நான். இன்னிக்கும் சொல்றேன், வெச்சிடாத."

"ஐயா," என்றாள் கசில்டா தொலைபேசியில். "அங்க தோரின்னு ஒருத்தங்க..."

"இருக்காங்களே. யாருன்னு சொல்லட்டும்?"

வெளியே காற்று கதவை ஒருமுறை உலுக்கிவிட்டுப் போயிற்று.

"சரகோசாவிலேர்ந்து. அவ அக்கா."

தொலைபேசியை மரப்பலகையில் வைக்கும் சத்தம் கேட்டது. "தோரி! உனக்குத்தான்! உங்க அக்காவாம்!" ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. காலடிகள் வர ஆரம்பித்தன.

கசில்டா சட்டென்று கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். நெற்றியில் விழுந்திருந்த நரைமுடியை இடது கையால் ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகி, கழுத்துப் பட்டியைச் சரிசெய்து, மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.