இடது மட்கார்டு

மராத்தி பேசும் ஊரில், போபோடிப் பகுதியில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் அகல்யா ஒரு லேத் பட்டறை வைத்திருந்தாள். முன்பு ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் இருந்தவள். கம்பெனியை மூடியபோது ஏலத்துக்கு வந்த பழைய லேத்தை வாங்கிப் போட்டாள். வந்ததெல்லாம் புஷ், பின் என்று சில்லறை வேலைகள். மனசுக்குப் பிடித்த வேலையைக் கொண்டுவந்தவன் அதே ஊரில் வாகடில் குடியிருந்த ஷ்யாம்தான்.

ஷ்யாம் கோயம்புத்தூர்க்காரன், சாஃப்ட்வேர் வேலை. ஐம்பதுகளில் ஓடிய ஓர் இங்கிலாந்துக் காரை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்தான். வலது மட்கார்டு நன்றாக இருந்தது. இடதைத் துரு தின்றுவிட்டது. எங்கு தேடியும் மாற்று கிடைக்கவில்லை. தகட்டில் அடித்து எடுக்கலாம், ஆனால் அந்த வளைவுக்கான கருவிகள் கடையில் கிடைக்காது என்றாள் அகல்யா. அதையும் நீங்களே செய்துவிடுங்கள் என்றான்.

வலது மட்கார்டின் மேல் அட்டை வைத்து வளைவுகளை வெட்டியெடுத்தாள். அட்டைகளைத் திருப்பிப் போட்டு, அதன்படி சீசம் மரத்தில் அச்சு செதுக்கினாள். சுத்தியால் அடிக்கும்போது தகட்டை உள்ளிருந்து தாங்கிக்கொடுக்க, கைக்கு அடங்கும் இரும்புக் கட்டைகளைத் தேய்த்து மெருகேற்றினாள். விளிம்பை ஒட்டி ஓடும் மேடான கோடுதான் படுத்தி எடுத்தது. தகட்டை இடையில் விட்டு அந்தக் கோட்டை அழுத்த அவள் கடைந்த உருளை ஜோடி, தகட்டையே வெட்டிவிட்டது. ஓரத்தை மழுக்கினால் கோடு தடித்துப்போனது. அந்த மழைக்காலம் முழுக்கக் கடைவதும் தூக்கி எறிவதுமாக இருந்தாள். அடுப்பு பற்றவைக்காத நாட்களில் புருஷன் பாஸ்கர் வடாபாவ் வாங்கிவந்து பட்டறையில் வைத்துவிட்டுப் போவான். ஒருவழியாக ஒரு ஜோடி சரியாக அமைந்தது. கோடு விழுந்து வெளியே வந்த தகட்டை அவள் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மட்கார்டு அவள் சொன்னபடி கேட்டது.

பழைய கார் கிளப் நடத்திய கண்காட்சிக்கு ஷ்யாம் அகல்யாவையும் பாஸ்கரையும் அழைத்தான். நடுவராக வந்த பெரியவர் இடது மட்கார்டின் அடியில் கையை விட்டுத் துழாவினார். இதுவும் காரோடு வந்ததுதானா என்று மராத்தியில் கேட்டார்.

"ஒரிஜினல் ஆஹே, சர்," என்று ஆமோதித்தான் ஷ்யாம்.

அந்தக் காலத்து ஆட்களின் கைவேலையைப் பெரியவர் வாய்நிறையப் புகழ்ந்தார். பாஸ்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அகல்யா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். அடுத்த காரும் தன்னிடம் வரும் என்ற நப்பாசைதான், வேறென்ன. காருக்கு முதல் பரிசு கிடைத்தது.

சில நாள் கழித்து ஷ்யாம் இனிப்போடு வந்தான். அவளைப் பார்க்கவே இல்லை. பார்வை மேஜையில் கிடந்த உருளைகளின் மேலேயே இருந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த டூல்ஸையெல்லாம் வெட்டிப் போட்டுருங்க. கிளப்புல யாராவது பாத்தா எனக்குப் பிரச்சினைங்க."

"அன்னிக்கு நீ சொன்னதக் கேட்டுக்கினு நின்னேன் தம்பி. அதோட நிறுத்திக்கோ. வெட்ட மாட்டேன்."

கெஞ்சிப் பார்த்தான், முகம் கறுத்துப் போனான். அவள் வேலையில் அளவு நிற்காது என்று அவன் கிளப்பில் சொல்லி வைத்ததாக அப்புறம் காதில் விழுந்தது. தன் காரின் பானெட் வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்த கிளப்காரர் ஒருவர் அவள் போனையே எடுக்கவில்லை. நடுவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பாஸ்கர் குதித்தான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும்," என்றாள் அகல்யா. "இப்ப சொன்னா, வேலை போன வயித்தெரிச்சல்ல பேசறான்னுவாங்க."

வேலை வராமல் லேத் விலைபோனது. இப்போது போசரியில் ஒரு பிரஸ் ஷாப்பில் பீரோ கதவுத் தகட்டை அழுத்தும் டைகளைத் தேய்க்கிறாள். இதற்கு முன் என்ன செய்தாய் என்று சூப்பர்வைசர் கேட்டபோது, புஷ், பின் என்றாள். காரைச் சொல்லவில்லை.