பொம்மையை மோந்து பார்த்த ஞாயிற்றுக்கிழமை

போலிப் பொம்மையை மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் கூட்டத்தில் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இதுதான். ஜப்பான்காரர்களின் அனிமே என்கிற கார்ட்டூன் படங்களைப் பார்த்து, அதில் வருகிறவர்களைப் பொம்மையாக வாங்கி அலமாரியில் அடுக்கும் கூட்டத்தைச் சொல்கிறேன். அந்தப் பொம்மைகளுக்கு ஃபிகர் என்று பெயர். திருவொற்றியூரில் ஒரு பெண் "புது ஃபிகர் வந்திருக்கு" என்று சத்தமாகச் சொன்னால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்பதால் நான் பொம்மை என்றே சொல்லிக்கொள்கிறேன். முப்பத்தோரு வயதில் பொம்மையா என்று கேட்கிறவர்களிடம், உங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிற கண்ணாடித் தாஜ்மகாலுக்கு என்ன வயது என்று கேட்பேன்.

அசல் பொம்மையில் வாசனை அதிகம் இருக்காது. இருந்தாலும் புது ரெயின்கோட் மாதிரி லேசாக வரும். போலி அப்படியில்லை. பெட்டியைத் திறந்ததும் பெட்ரோலும் பெயிண்ட் தின்னரும் கலந்த நாற்றம் மூக்கில் அடிக்கும். அதனால் நாங்கள் பொம்மை வந்ததும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தலைமுடியைத்தான் மோந்து பார்ப்போம். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் என்றுதான் தோன்றும்.

மூக்கு விஷயத்தில் எனக்கு வீட்டிலேயே நல்ல பயிற்சி. அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். துறைமுகத்துக் கிடங்குகளில் கந்தகமும் உரமும் இறக்கி இறக்கி நைனாவுக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. வாசனை மொத்தமாகவே போய்விட்டது. மல்லிப்பூவும் ஒன்றுதான், கருவாடும் ஒன்றுதான். அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பால் கெட்டுவிட்டதா, அடுப்பில் கேஸ் ஒழுகுகிறதா, சட்டையை இன்னொரு நாள் போடலாமா, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார். "நம்ப வூட்டுக்கு மூக்கு நீதாம்மா" என்பார். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டாவது மாடி வீடு. கிழக்கே ஒரு ஜன்னல், கடலைப் பார்த்து. மேற்கே ஒரு ஜன்னல், கம்பெனிகளைப் பார்த்து. மேற்கு ஜன்னலைத் திறக்கவே மாட்டோம். திறந்தால் கரித்தூள் வந்து பொம்மைகளின் மூக்கிலும் முழங்காலிலும் உட்கார்ந்துவிடும். மூடியிருந்தாலும் ஏதாவது ஒரு வாடை உள்ளே வரத்தான் செய்யும். ஒரு நாள் அழுகின முட்டை, ஒரு நாள் கருகின ரப்பர். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி யாரும் பதறமாட்டார்கள். மழை வருமா என்று கேட்கிற மாதிரி "இன்னிக்கி இன்னா நாத்தம்?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவார்கள்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு மேல் அந்தப் பார்சல் வந்தது. மூன்று வருடமாகத் தேடிய பொம்மை. தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். வேறு ஊரில் ஒருவர் தன்னிடம் இருந்ததை விற்றார், அசல்தான் என்று சத்தியம் செய்தார். முன்பின் பார்க்காதவரின் சத்தியத்தை நம்பிப் பணத்தை அனுப்பினேன்.

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுப்பது எங்கள் வழக்கம். டேப்பை வெட்டுவதிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். போலியாக இருந்தால் விற்றவரிடம் காட்ட அதுதான் சாட்சி. போனைச் சொம்பில் சாய்த்துவைத்து ஆரம்பித்தேன். நைனா உள் அறையில் கட்டிலில் படுத்திருந்தார்.

அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. பொம்மையை வெளியே எடுக்கிறேன். தலைமுடியை மோந்து பார்க்கிறேன். என் முகம் கோணிப்போகிறது. "ஒரே பெட்ரோல் நாத்தம்" என்கிறேன். மறுபடி மோந்து பார்க்கிறேன். பிறகு போனைப் பார்த்து, விற்றவர் பரம்பரையையே இழுத்து, இங்கே எழுத முடியாத இரண்டு வார்த்தை சொல்கிறேன். உள்ளே நைனா இருமுகிறார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் "தண்ணி குடி நைனா" என்கிறேன். பெயிண்ட் சரியாக இருக்கிறதே, கண் சரியாக இருக்கிறதே, நாற்றம் மட்டும் ஏன் என்று புலம்புகிறேன். தலை வலிக்கிறது என்றும் சொல்கிறேன். பிறகு எழுந்து போய், வீட்டுக்குள் நாற்றம் தங்கக் கூடாது என்று, மேற்கு ஜன்னலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவைக்கிறேன்.

ஏழு நிமிடம். திறந்த ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்து ஏழு நிமிடம் அந்தப் பொம்மையின் காலடியில் அச்சடித்த எழுத்துகளை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்றம் கூடிக்கொண்டே போனது. போலி இவ்வளவு மோசமாகவா இருக்கும் என்று ஆத்திரம்தான் வந்தது, சந்தேகம் வரவில்லை. பொம்மையைக் கையில் வைத்திருக்கிறவளுக்கு நாற்றமெல்லாம் பொம்மையில்தான்.

கதவு இடிபட்டது. எதிர் வீட்டு அக்கா முந்தானையை நனைத்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இன்னா பண்ணிகினு கீற? கம்பெனில கேஸ் வுட்டுகிச்சாம். கீழ எல்லாம் ஓடிகினு கீறாங்கோ. உங்க நைனாவ எழுப்பு."

படிக்கட்டிலும் அதே பெட்ரோல் நாற்றம். பொம்மைப் பெட்டியைத் திறக்காத படிக்கட்டு. அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அதுவரைக்கும் பயம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் பயமே இல்லை.

நைனா கண்ணைத் திறந்துதான் இருந்தார். கூப்பிட்டால் பதில் தாமதமாக வந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. "மயக்கமா கீது" என்றார். நானும் அக்காவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். இரண்டு மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் இனி எழமாட்டார் என்று நினைத்தேன். வாய்விட்டு அழுதுகொண்டேதான் இழுத்தேன். ஷேர் ஆட்டோக்காரர் ஏற்கெனவே ஏற்றியிருந்தவர்களை நெருக்கி உட்காரச் சொல்லி எங்களையும் ஏற்றிக்கொண்டு தெற்கே விட்டார். தண்டையார்பேட்டை வரைக்கும் நைனாவின் மார்பில் கைவைத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் மூச்சா குலுக்கலா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆக்சிஜன் மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்து, ரெண்டு கையாலயும் பிடிமா என்றார். அப்போதுதான் பார்த்தேன். என் இடது கையில் பொம்மை இருந்தது. வழியெல்லாம் அவரை ஒரு கையால்தான் பிடித்திருக்கிறேன்.

"அத அந்தாண்ட வைமா" என்றார் நர்ஸ். அவர் ஒன்றும் நினைக்கவில்லை. யாரோ ஒரு குழந்தையுடையது என்று எண்ணியிருப்பார்.

நான்கு நாளில் நைனா வீட்டுக்கு வந்துவிட்டார். எந்தக் கம்பெனி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், பிறகு அதுவும் அடங்கிப்போனது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நைனா, "எம்பொண்ணு மூக்குதான் என்ன இட்டாந்திச்சி. இல்லாங்காட்டி அன்னிக்கே சங்குதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு அக்கா என்னைப் பார்ப்பார். நான் டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். யாராவது மேற்கு ஜன்னல் பக்கம் பார்த்தாலே பேச்சை மாற்றுவேன்.

பொம்மை அசல்தான். ஒரு வாரம் கழித்து மோந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. தலைமுடியில் ஒரு கீற்று மட்டும் உடைந்திருந்தது. என் பிடியில் உடைந்திருக்க வேண்டும். அதை அலமாரியில் வைக்கவும் மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. பெட்டியிலேயே போட்டு மூடிவைத்தேன்.

போன மாதம் தாங்க முடியாமல் அந்த வீடியோவை நைனாவிடம் காட்டினேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால் போனைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் திட்டும் இடத்தில் சிரித்தார். தான் இருமும் இடத்தில் சத்தத்தைக் கூட்டிக் கேட்டார். நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கும் இடம் வந்தது. சிரிப்பு நின்றது. கடைசிவரை பார்த்து முடித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான்தான் தொறந்தேன் நைனா" என்றேன்.

"தெரியும். முழிச்சிகினு தானே இருந்தேன். தாப்பா சத்தம் கேட்டுச்சி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஜிலுஜிலுன்னு வந்துச்சா, இன்னாடா இது, இந்த மாசத்துல மத்தியானத்துக்கு முன்னாடியே கடல் காத்து வந்திடிச்சேன்னு நெனச்சி நல்லா இழுத்து இழுத்து வுட்டேன்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் நல்ல புழுக்கம். கரண்ட் இல்லை. நைனா கட்டிலிலிருந்து எழுந்து கிழக்கு ஜன்னல்வரை வந்து நின்றார். கடல் பக்கத்து ஜன்னல், எந்நாளும் திறந்தே கிடந்தது, இப்போது அதையும் நான்தான் மூடிவைக்கிறேன். முன்பெல்லாம் ஜன்னல் திறக்க யாரையும் கேட்காத மனிதர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாமா, தொறக்கலாமா?"

போய் இடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. மறுபடி இழுத்துப் பார்த்தேன். அவர் காத்திருந்தார், நான் தாழ்ப்பாளில் கைவைத்தபடி நின்றுகொண்டே இருந்தேன்.