நாலு பிளக்கும் ஒரு அரமும்

பஸ் டிப்போவில் அவருக்கு ‘ஃபியூஸ்’ என்று பெயர். இருபத்தாறு வருடமாகப் பஸ்களுக்கு வயர் போடுகிறவர், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறவர். இரண்டும் சேர்ந்து வாங்கித் தந்த பெயர் அது.

அந்த மனிதருக்கு ஒரே ஓர் ஆசை. தன் கையால் ஒரு குட்டி விமானம் கட்டி, பக்கத்து சீட்டில் மனைவியை உட்கார வைத்துப் பறக்க வேண்டும். ஒன்பது வருடமாக வாடகை ஷெட்டில் கிடந்து உயிரைக் கொடுத்து உழைத்தார். பறக்க லைசென்ஸும் வாங்கினார். இறக்கைக்குத் துணி தைத்துக் கொடுத்தவள் மனைவிதான். முதல் நாளே கூட வருவதாக வாக்கும் கொடுத்திருந்தாள்.

கடைசியில் மிஞ்சியது பிளக் வேலை. பெட்ரோல் பம்ப், வால் தகட்டை ஏற்றி இறக்கும் மோட்டார், ரேடியோ, விளக்கு என்று நாலு வயர்க் கொத்துகள் முன்பலகைக்குப் பின்னால் வந்து சேருகின்றன. நாலுக்கும் திருகிப் பூட்டுகிற உலோக பிளக் வேண்டும். பஸ்ஸில் போடும் பிளாஸ்டிக் சாமான் விமான இன்ஜின் அதிர்வில் கழன்றுவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்தாலும் அந்த இடத்திலேயே முறியும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தார். நூறு வாங்கினால்தான் அனுப்புவார்களாம், அதுவும் நாலு மாதம் கழித்து.

ஊரில் அந்தச் சரக்கு இருந்தது ஒரே கடையில். ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களுக்குப் பாகம் விற்கிற கடை. அதன் முதலாளி யார் என்கிறீர்கள்? மனைவியின் கூடப் பிறந்த தம்பி. அக்காவைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து அவனுக்கும் இவருக்கும் ஆகாது. “பறக்கிற பாடை” என்று அவன் கடையில் சொல்லிச் சிரித்தது இவர் காதுக்கும் வந்திருந்தது.

வேறு வழியில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு போனார். நாலும் ஒரே மாதிரி வேண்டும் என்றார். பஸ்காரர் கணக்கு அது: எல்லாம் ஒன்றாக இருந்தால் ஒரு உபரி பிளக் நாலு இடத்துக்கும் உதவும். மச்சினன் கொடுத்ததோ நாலு விதம். பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் உள்விளிம்பில் சின்னச் சின்ன மேடுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில். ஒன்றின் வாயில் இன்னொன்று நுழையாது.

“கேட்டது என்ன, குடுத்தது என்ன?”

“ஒரே மாதிரி இருந்தா மாத்திச் சொருகிடுவீங்க மாமா. எங்க அக்கா உக்காரப் போற வண்டி.”

“நான் வயர் போட ஆரம்பிச்சப்ப நீ மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்சவன்டா. எனக்கா சொல்லித் தர்ற?”

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த காரியத்தை எப்படிச் சொல்வது? அரத்தை எடுத்தார். நாலு பிளக்கிலும் அந்த மேடுகளைத் தேய்த்து எடுத்தார். மச்சினன் மூஞ்சியையே தேய்ப்பது போல அவ்வளவு ஆங்காரம். இப்போது எது எதிலும் நுழைந்தது. மனைவியிடம் மூச்சு விடவில்லை.

பறக்க மூன்று நாள் இருந்தது. முன்பலகையைக் கழற்றி, பிளக்குகளைப் பிரித்து ஒரு வயரை நகர்த்திவிட்டுத் திரும்ப மாட்டினார். மனைவியை சீட்டில் உட்கார வைத்து, பம்ப் சுவிட்சைப் போடச் சொன்னார். பம்ப் உறுமவில்லை. வால் தகடு தானாக எழுந்து, முட்டுகிற வரை போய் நின்றது.

“பின்னாடி என்னமோ தூக்குதுங்க” என்றாள் அவள்.

பம்ப் பிளக்கும் வால் பிளக்கும் இடம் மாறியிருந்தன. அவள் இறங்கி வந்து, கோத்திருந்த பிளக்கைக் கழற்றி விரலால் தடவினாள். நாற்பது வருடம் ஊசி பிடித்த விரலுக்கு அரம் போட்ட தடம் தெரியாதா?

“இது மேல போனப்புறம் நடந்திருந்தா?”

மறுநாள் காலையில் அவரே கடைக்குப் போனார். மறுபடி நாலு பிளக் வேண்டும் என்றார். எதற்கு என்று மச்சினன் கேட்டான். வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொலைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, “அரம் போட்டேன்” என்றார்.

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கடையைப் பூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். நாலு பிளக்கையும் அக்கா கையில் வைத்தான். இவர் பக்கம் திரும்பாமலே போனான்.

வயர் முனைகளை இவர் இறுக்கிக் கொடுக்க, மாட்டியவள் அவள். அதோடு விடவில்லை. ஒவ்வொரு பிளக்கையும் அதற்குச் சேராத மூன்று வாயிலும் வைத்து அழுத்திப் பார்த்தாள். பன்னிரண்டு தடவை. ஒன்றும் நுழையவில்லை.

அவர் கேட்டார். “இப்ப உக்காருவேல்ல?”

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“பிளக்கை நம்பலாம். நீங்க தனியாப் போயிட்டு வாங்க. நான் கீழ நிக்கிறேன்.”