அந்த நேரத்தில் அப்பா யாரிடம்?

பைபாஸ் ஆபரேஷனில் இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் ரத்தக்குழாயைத் தைப்போம் என்று மெட்ராஸ் டாக்டர் சொன்னபோது, எனக்குப் பயத்தை முந்திக்கொண்டு ஆர்வம்தான் வந்தது. எப்படி நிறுத்துவார்கள்? மறுபடி எப்படி ஓடவைப்பார்கள்? அப்பா சாகக் கிடக்கிறார், இவளுக்குப் புத்தி போகிற போக்கைப் பார் என்று என்னையே திட்டிக்கொண்டேன். உத்திரமேரூர்–சாலவாக்கம் டவுன் பஸ்ஸுக்கு அப்பா டிரைவர். எண்பதுகளின் கடைசியில் பத்தடி நடந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"நிறுத்தாம தைக்க முடியாதா சார்?" என்று கேட்டேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "துடிக்கத் துடிக்கவே தைக்கிறவங்க சில பேர் இருக்காங்க. முன்பக்கம் அடைப்புன்னா செய்யலாம். உங்கப்பாவுக்குப் பின்பக்கம். இதயத்தைத் தூக்கிப் பிடிச்சா ரத்த அழுத்தம் விழுந்துடும்."

"எதுல செஞ்சவங்க நல்லா இருக்காங்க?"

"ரெண்டுலயும் பொழைக்கிறாங்க. நிறுத்தினா தையல் நிதானமா விழும். ஆனா இதயத்துக்குப் பதிலா ஒரு மிஷின்ல ரத்தம் ஓடிட்டு வர்றது சில பேருக்குக் கொஞ்ச நாள் தொந்தரவு குடுக்கும். எது மேல்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா."

அதற்கப்புறமும் எத்தனையோ டாக்டர்களிடம் இதையே கேட்டிருக்கிறேன். ஆளைப் பொறுத்தது என்றுதான் பாதிப் பேர் சொன்னார்கள்.

அம்மாவின் காதில் இதெல்லாம் ஏறவேயில்லை. கையெழுத்துக்கு வைத்த பேப்பரைத் தள்ளிவிட்டாள்.

"நிறுத்தி வெச்சிக்கினு கீற நேரத்துல அவரு யாருகிட்ட இருப்பாரு?"

"மிஷின் பாத்துக்கும்மா" என்றார் டாக்டர்.

"இன்னா சார் இது? காய்ச்சல்ல கெடக்கறவங்களயே நாங்க தனியா வுட மாட்டோம். மிஷினுகிட்ட வுட்டுட்டுப் போவச் சொல்றியே!"

எனக்கு வந்ததே கோபம்! இவள் அடத்தில் அப்பா போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று பேப்பரை எடுத்து மறுபடி அவள் முன்னால் வைத்தேன். டாக்டர் கோபப்படவில்லை. ஆளை அனுப்பி ஒருவரை வரவழைத்தார். வழுக்கைத் தலை, ஐம்பது வயதிருக்கும். அந்த மிஷினை ஓட்டுகிறவராம். அதற்கென்று ஒரு மனுஷன் இருப்பார் என்று எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

"நடுவுல டீ குடிக்க எழுந்து போவீங்களா?" என்றாள் அம்மா.

"போக மாட்டேம்மா."

"அவசரமா ஒண்ணுக்கு வந்தா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "அவரோட இதயம் தானா துடிக்கிற வரைக்கும் நகர மாட்டேம்மா" என்றார். அம்மா பேப்பரை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் அன்று மத்தியானம் தாண்டித்தான் டாக்டர் வெளியே வந்தார். "தானா துடிக்குதும்மா, பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஓவென்று அழுதேன். அம்மா அசையவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த மனுஷர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அம்மா எழுந்து நின்றாள்.

"நகரலம்மா" என்றார் அவர்.

அப்போதுதான் அம்மாவுக்குக் கண் கலங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க போயி சாப்புடுங்கண்ணா."