நனைந்த தவில்

அந்த நையாண்டி மேள செட்டை நான் எங்கள் ஊருக்கு அவர்கள் வருமுன்பே பதினோரு இடங்களில் கேட்டிருந்தேன். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு என்று ஆறு பேர். ஒரே பாட்டை அவர்கள் இரண்டு முறை ஒரே மாதிரி வாசித்து நான் கேட்டதில்லை.

கடலாடியில், நல்ல வெயிலில், ஒரு பழைய சினிமாப் பாட்டின் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வாசித்தார்கள். இரண்டாவது வரிக்குப் போகவே இல்லை. நான் ஏற வேண்டிய மூன்று பஸ்கள் என் கண் முன்னாலேயே போயின. திருவாடானையில் பெரிய தவில்காரர், சின்னவர் அடிப்பதைக் காது சாய்த்துக் கேட்டு, அவர் விட்ட இடைவெளிகளில் மட்டும் அடித்தார். அங்கே இல்லாத மூன்றாவது தவில் ஒன்று எனக்குக் கேட்டது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஊர்க் கூட்டத்தில் முளைப்பாரி நோட்டீஸ் எழுத என்னைக் கூப்பிடுவார்கள், யோசனை கேட்டதில்லை. போன வருஷம் நானாகவே பேசினேன். டிரம்செட் வேண்டாம், இவர்களைக் கூப்பிடுவோம் என்று சொல்லி, செல்போனில் பதிந்திருந்ததைப் போட்டுக் காட்டினேன். தகரத்தை உருட்டுவதுபோல் கேட்டது.

"இதக் கேக்கத்தான் காலேசுக்குப் போனியாத்தா?" என்றார் சித்தப்பா முறையுள்ள ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டத்தில் வாயே திறக்காத என் அய்யா எழுந்தார். "எம் மக சொன்னா நல்லாத்தான் இருக்கும்."

அதோடு முடிவாயிற்று. இனி மேளம் சரியில்லை என்றால் தலை குனிய வேண்டியவர் அவர்.

முளைப்பாரி அன்று சாயங்காலம், நாங்கள் நாற்பது பெண்கள் முளைவிட்ட பயிர்ச் சட்டியான பாரியைத் தலையில் ஏற்றிய நேரம் பார்த்து மழை கொட்டியது. வானம் பார்த்த எங்கள் பக்கத்தில் மழையை யாரும் திட்ட மாட்டார்கள். பத்து நிமிஷத்தில் விட்டது; ஆனால் தவில்கள் இரண்டும் நனைந்துவிட்டன. தோலை அனலில் காட்ட நேரமில்லை. ஏற்றிய பாரியை ஊருணி சேரும்வரை இறக்கக் கூடாது.

முதல் அடி விழுந்தது. ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் ஒரு சத்தம். சித்தப்பா அய்யாவைத் திரும்பிப் பார்த்தார். அய்யா தரையைப் பார்த்தார்.

பெரிய நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார். அந்த மொத்தைச் சத்தத்தை இன்னும் நான்கைந்து முறை அடிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, நான் பதினோரு முறையும் கேட்டிராத ஒன்றை, தணிந்த ஒலியில், மிக மெதுவாக ஊதத் தொடங்கினார். பம்பைக்காரர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு விரலால் தட்டினார். தமுக்கு எப்போதாவது ஒரு முறைதான் பேசியது. அந்த மங்கிய அடி எங்கள் கால்களுக்குள் இறங்கியது. நாற்பது பெண்களும் யாரும் சொல்லாமலே ஒரே சீராக எட்டு வைத்தோம். வழக்கமாக இடைவிடாமல் குலவை போடுகிறவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள். எனக்குக் கழுத்து வலித்தது. ஊருணி இன்னும் தள்ளி இருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

பாரியைக் கரைத்துவிட்டுக் கரையேறியபோது சித்தப்பா காத்திருந்தார்.

"ஏத்தா, அந்தத் தவுல வேணுமின்னே நனைச்சுக்கிட்டாங்களா?"

இல்லை, மழையில் நனைந்துவிட்டது என்றேன்.

"போத்தா, எங்கிட்டயே மறைக்கிற" என்றார். பிறகு அய்யா பக்கம் திரும்பி, அடுத்த வருஷத்துக்கு இப்போதே சொல்லி வைத்துவிடுவோமா என்று கேட்டார். அய்யா என்னைப் பார்த்தார், நான் சொல்லட்டும் என்று.