அண்ணனின் ரத்தம் ரப்பராகாமல் தப்பிய நாள்

சாராயம் குடித்தால் ரத்தம் ரப்பராகிவிடும் என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன். நம்பினேன் என்ன, கண்ணாலேயே பார்த்தேன்! பார்த்த இடம் இலங்கையில், யட்டியாந்தோட்டைப் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, இருபத்தைந்து பிள்ளைகள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார். அவர் பேசுகிற தமிழ் எங்களுக்குப் பாதிதான் புரியும். மீதிக்கு அவரிடம் பிரம்பு இருந்தது.

அன்று அவர் பிரம்பைத் தொடவில்லை. கரும்பலகையில் 'குடியின் கேடு' என்று எழுதிவிட்டு, ஒரு செரட்டையில் ரப்பர் பாலை ஊற்றினார். பிறகு பையிலிருந்து ஒரு சாராயப் போத்தலை எடுத்தாரே பார்க்கலாம், வகுப்பே எழுந்து எட்டிப் பார்த்தது. போத்தலிலிருந்து கொஞ்சம் பாலில் விட்டு, ஈர்க்கால் கலக்கி, எங்களை நூறு வரை எண்ணச் சொன்னார். எண்ணி முடித்ததும் செரட்டையைத் தூக்கி, முன்வரிசையில் இருந்த என் தலைக்கு நேரே கவிழ்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அண்ணாந்து பார்த்தால் பால் வெள்ளைக் கட்டியாகச் செரட்டையோடு ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது!

"பாத்தியளோ பிள்ளையள்? சின்ன வயசில சாராயம் குடிக்கிறவன்ர ரத்தம் இப்பிடித்தான் உறைஞ்சு போகும்" என்றார்.

எங்கள் வயிறு நிறைவதே ரப்பர் பாலால்தான். ஆனாலும் பால் கட்டியாவதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அது நடக்கிற ஸ்டோருக்குள், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலைக்குள், பிள்ளைகளை விடமாட்டார்கள். அதனால் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. அடேயப்பா, ஒரு போத்தலுக்குள் இவ்வளவு வல்லமையா! அடுத்த நிமிஷமே அண்ணன் நினைவு வந்தது.

அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் பேர் பதிந்தாயிற்று, திங்கட்கிழமை முதல் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகவேண்டும். தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பையன் முதல்நாள் பால் வெட்டிவிட்டு வந்ததும், முனியாண்டிக்குச் சாராயம் படைத்து, அதில் ஒரு கிளாசை அப்பனே மகன் கையில் கொடுப்பார். அதைக் குடித்தவனைப் பிறகு யாரும் பொடியன் என்று கூப்பிடமாட்டார்கள். அண்ணன் அந்தக் கிளாசுக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு ஓடி வந்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்டோரில் ஆசிட் விட்டுப் பாலைக் கட்டவைக்கிற வேலையே அவருடையதுதான்.

"அட பைத்தியக்காரி! முந்தாநாள் உங்க வாத்தியாரு எங்கிட்ட வந்து ஆசிட் வாங்கிட்டுப் போனாரு. அவருக்குக் கொண்டாந்ததுல மிச்சம் இன்னும் அடுப்படியிலதான் இருக்கு. போத்தல்தான் சாராயப் போத்தலு, உள்ள இருந்தது ஆசிட்டு!"

நான் நம்பவில்லை. படித்த வாத்தியார் பொய் சொல்வாரா? குடிக்கிற அப்பாதான் சொல்வார். அம்மா மட்டும் அடுப்பைப் பார்த்தபடி, "பதிமூணு வயசுதாங்க ஆகுது, இப்பவே எதுக்குங்க அவனுக்கு?" என்றாள். "லயத்து வழக்கத்த மாத்த நீ யாரு?" என்று அப்பா ஒரே போடாகப் போட்டார். அம்மா அடுப்பை ஊதத் தொடங்கினாள். அவளும் அதே ஸ்டோரில்தான் பால் கட்டவைக்கிற தட்டுகளைக் கழுவினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அண்ணன் முதல் பாலை வாளியில் கொண்டு வந்தான். பலாமரத்தடியில் முனியாண்டிக் கல்லுக்கு முன்னால் இருபது பேர் கூடியிருந்தார்கள். அப்பா கிளாசை நிரப்பி நீட்டினார். அண்ணனும் கையை நீட்டினான். நான் பாய்ந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு, "குடிக்காதண்ணே! ரப்பராயிருவே!" என்று அலறினேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பாவுக்கு மானம் போயிற்று.

"சரி, எல்லாரும் பாருங்க. இந்தப் பால்ல நான் சாராயத்த ஊத்துறேன். கட்டலன்னா இவன் குடிப்பான், இவ வாய மூடணும்."

"கட்டிப்போச்சுன்னா என்னங்க?" என்று கேட்டாள் அம்மா.

"கட்டிப்போச்சுன்னா மீசை முளைக்கிற வரைக்கும் இவன் தொடவேணாம். போ, ஒரு செரட்டையக் கொண்டா!"

அம்மா உள்ளே போய்ச் சற்று நேரம் கழித்து வந்தாள். செரட்டை கழுவின ஈரத்தோடு இருந்தது. அப்பா பாலை விட்டார், அதன்மேல் சாராயத்தை விட்டார், ஈர்க்கால் ஒரு கலக்குக் கலக்கினார். நூறு எண்ண வேண்டியிருக்கவில்லை. எங்கள் கண்ணெதிரே பால் திரிந்து கட்டிப்பட்டுப் போயிற்று. "அய்யோ அனே!" என்று அடுத்த காம்பரா வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். கையில் கிளாஸ் வைத்திருந்த ஒருவர் அதை மெல்லக் கீழே வைத்தார். எனக்கோ முனியாண்டியே நேரில் வந்து நின்றதுபோல் இருந்தது.

அப்பா செரட்டையை மூக்கருகே கொண்டு போனார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கட்டிப்போச்சு" என்றார் அப்பா. கிளாசிலிருந்த அவ்வளவையும் கல்லின்மேல் ஊற்றிவிட்டார்.

அண்ணன் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பால்காட்டில் 'மீசைக்காரன்' என்று கேலி செய்தார்களாம், பாவம். அப்பா மட்டும் சனிக்கிழமைதோறும் வழக்கம்போலக் குடித்தார். நான் அவர் கையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பேன். அது ரப்பராகவே இல்லை. சாராயமே தோற்றுப்போகிற ஆள் என் அப்பா என்று பெருமையாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் இன்னொன்றையும் பார்த்தேன். அடுப்படியில் அம்மாவின் வலது கையை அப்பா தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல் நுனிகள் வெந்தது மாதிரி வெளுத்துத் தோலுரிந்திருந்தன. அப்பா தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தடவினார். தண்ணி கலக்காத ஆசிட்டைக் கையால் தொடக்கூடாது என்று மெதுவாகத் திட்டிக்கொண்டே தடவினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

தட்டுக் கழுவும்போது பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.